நாலாவது கம்பளி வட்டம்

அந்தப் பெண் உள்ளே வந்ததும் வணக்கம் சொல்லவில்லை. கையில் கொண்டுவந்த பழைய ஷூவைத் தூக்கி மேசைமேல், செக்கர் பாதி குடித்து வைத்திருந்த டீக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உள்ள கையை விட்டுப் பாருங்க."

"அண்ணே, யோசிச்சு விடுங்க," என்றான் வித்தவுட். "போன மாசம் என் ஷூவுக்குள்ள ஒரு தவளை குடியிருந்துச்சு. வாடகையும் தரல, காலியும் பண்ணல."

செக்கர் சிரிக்கவில்லை. நேற்று ஒரு கேஸை மதியத்துக்குள் முடித்துவிட்டு வந்தவர் அவர். அப்படி முடித்த நாட்களில் நன்றாகத் தூங்குவார். நேற்று தூங்கவில்லை.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, அந்த வேலையை விட்டபின் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். பெட்டிக்குள் ஏறினால் ஒரே பார்வையில் டிக்கெட் இல்லாத முகத்தைப் பொறுக்கி எடுத்துவிடுவார் என்று பெயர். அப்படிப் பொறுக்கிய முகங்களில் ஒன்றுதான் வித்தவுட். டிக்கெட் இல்லாமல் ரயில் கழிப்பறைக்குள் ஒளிந்திருந்தவனைக் காதைப் பிடித்து வெளியே இழுத்தார். பிடித்த காதை இன்னும் விடவில்லை என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

செக்கர் ஷூவுக்குள் கையை விட்டார். மடித்த துணி வந்தது. அதற்கடியில் சைக்கிள் டியூப் துண்டு. அதற்கும் அடியில் பூப்போட்ட ரவிக்கைத் துணி, குதிகால் அளவுக்கு வட்டமாக வெட்டியது.

"அது என் ஜாக்கெட்டு," என்றாள் அந்தப் பெண். "பகல் பூரா நின்னுக்கிட்டே இருக்கிற மனுஷன் சார் அவரு. குதிகால்ல ஆணி அடிக்கிற மாதிரி வலிக்குதும்பாரு. மெத்துன்னு எது கெடைச்சாலும் வட்டமா வெட்டி உள்ள வச்சுக்குவாரு. நேத்து நீங்க அவரு ஷூவுக்குள்ளேர்ந்து எடுத்தீங்களே ஒரு கம்பளி வட்டம், அதை வெட்டற வேலைகூட இல்ல. வட்டமாவே கெடந்திருக்கு. எடுத்து வச்சுக்கிட்டாரு. அவ்வளவுதான் சார் அவரு செஞ்சது."

"கீழ கெடந்துச்சுன்னு அவரும் சொன்னாரும்மா."

"சொன்னாருல்ல? அப்புறம் ஏன் நம்பல?"

செக்கரிடம் பதில் இருந்தது. வெளியே சொல்லும்படியான பதில் இல்லை. ரயிலில் அவர் பிடித்த ஒவ்வொருவனும் டிக்கெட் கீழே விழுந்துவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறான்.

"சாயந்தரம் கோர்ட்டுல நிறுத்தப் போறாங்களாம்," என்றாள். "நிறுத்திட்டா செக்யூரிட்டி கம்பெனியில பேரை அடிச்சிடுவாங்க. திருட்டு கேஸ்ல உள்ள போன வாட்ச்மேனை எவன் சார் வாசல்ல நிக்க வைப்பான்? அவருக்கு நிக்கிறதைத் தவிர வேற தொழிலும் தெரியாது."

ஷூவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போய்விடவில்லை; மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

செக்கர் டீயைத் தள்ளி வைத்தார். "நேத்து நடந்ததை வரிசையாச் சொல்லு."

"நேத்து நீங்க ஹீரோ அண்ணே."

"சொல்லுடா."

"பிரெஞ்சு நாற்காலிக் கூடம். ஞாயித்துக்கிழமை லீவு. திங்கட்கிழமை காலையில பச்சை நாற்காலியைப் பாக்க வாங்கற ஆளுங்க வந்து நிக்கிறாங்க, மேடை காலி. நம்மளைக் கூப்பிட்டாங்க. தரையில கீறல் விழாம இருக்க அங்க ஒவ்வொரு நாற்காலிக் காலுக்கு அடியிலயும் கம்பளி வட்டம் ஒட்டியிருப்பாங்க. நீங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு மூஞ்சியைப் பாத்தீங்க. வாட்ச்மேனுக்கு வேர்த்துச்சு. ஷூவைக் கழட்டுன்னீங்க. உள்ள ஒரு வட்டம், பச்சை பெயின்ட்டோட. இன்ஸ்பெக்டர் உங்களுக்குக் கை குடுத்தாரு. நான் விசில் அடிக்கலாம்னு பார்த்தேன், மேனேஜர் மேடம் முறைச்சாங்க."

"பொய் சொல்ற மூஞ்சிடா அது."

"இல்லண்ணே. வெக்கப்படற மூஞ்சி. கக்கூஸ்லேர்ந்து நீங்க என்னை இழுத்தப்போ என்கிட்ட ரெண்டுமே இருந்துச்சு. அதனால எனக்கு வித்தியாசம் தெரியும்."

இதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். செக்கருக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்தது. ஒரு மனிதன் பத்துப்பேர் முன்னால் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்ததும், உள்ளே ஒட்டுப்போட்ட காலுறை தெரிந்ததும் அவன் அதை மற்றக் காலால் மறைத்ததும் ஞாபகம் வந்தது. நேற்று அதைக் குற்றத்தின் அடையாளம் என்று எண்ணிக்கொண்டார்.

"நாற்காலிக்கு எத்தனை காலு?"

"நல்ல நாளா இருந்தா நாலு."

"அப்ப மீதி மூணு வட்டம் எங்க? நாற்காலியைத் தூக்கிட்டுப் போனவன் கம்பளியோடதானே தூக்கியிருக்கணும். இது மட்டும் ஏன் தனியாப் பிரிஞ்சு கீழ கெடந்துச்சு?"

"நேத்தே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அண்ணே."

"தெரியும்டா. வண்டியை எடு."

*

முன்பு மூட்டை அடுக்கிய கிடங்கு அது. சுவருக்கு வெள்ளையடித்து, தரைக்கு மெழுகு போட்டு, காட்சிக்கூடம் ஆக்கியிருந்தார்கள். கேமரா வாசலுக்கு மட்டும். உள்ளே ஒயர் தெரிந்தால் அழகு போய்விடுமாம். தாழ்வான மேடைகளில் பிரான்சிலிருந்து வந்த பழைய சாமான்கள். அந்த நாட்டில் பூவேலை, சுருள்வேலை எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, உடம்புக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் இரும்பிலும் பலகையிலும் செய்துபார்த்த முதல் ஆட்களின் கைவேலை. வளைத்த குழாயில் தோலை இழுத்துக் கட்டிய சாய்வு நாற்காலி. தகடு மடித்துக் கால் வைத்த எழுதுமேசை. கறுப்பு அரக்கு பூசிய மடக்குத் தடுப்பு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன அட்டை: மாணவர் விடுதிக்காகச் செய்தது. காசநோய் ஆஸ்பத்திரிக்காகச் செய்தது. தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்துக்காகச் செய்தது.

ஏழைகள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்தார்கள். தேய்ந்ததும் குப்பையில் போட்டார்கள். குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்தவுடன் விலை ஏறிவிட்டது. இப்போது ஒவ்வொரு மேடையிலும் இன்னொரு அட்டையும் இருந்தது: தயவுசெய்து அமராதீர்கள்.

பச்சை நாற்காலியின் மேடை காலியாகவே இருந்தது. அட்டை மட்டும் நின்றது. சாப்பாட்டுக் கூடத்து நாற்காலி அது.

மேனேஜர் அவர்களைப் பார்த்து எழுந்து வந்தாள். முதலாளி வெளிநாட்டில் இருப்பவர். கூடத்தை நடத்துவது இவள்தான். கிராப்பு வெட்டிய தலை, சாம்பல் நிறச் சட்டை, நகை எதுவும் இல்லை. கூடத்துச் சாமான்களில் ஒன்றைப்போலவே இருந்தாள்.

"நேத்தே முடிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே?"

"கொஞ்சம் மிச்சம் இருக்கு மேடம்."

வித்தவுட் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். "மேடம், இத்தனை நாற்காலி இருக்கு. வாட்ச்மேனுக்கு ஒண்ணும் இல்லையா? தண்ணித் தொட்டிக்குள்ள நின்னுக்கிட்டு தாகத்துல சாகற மாதிரில்ல இருக்கு."

அவள் முகம் சுருங்கியது. "ஒரு ஸ்டூல் கேட்டாரு. வாசல்ல பிளாஸ்டிக் ஸ்டூல் கெடந்தா வர்றவங்களுக்கு முதல்ல கண்ணுல படறது அதுதான். கூடத்தோட தோற்றமே..." முடிக்காமல் நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: "அவர் ஸ்டேஷன்ல சாப்பிட்டாரா?"

செக்கர் அவள் முகத்தைப் பார்த்தார். பழக்கம். திருட்டு முழி இல்லை, வேர்வை இல்லை. தூக்கமில்லாத கண்கள் மட்டும். இரக்கமுள்ள பெண் என்று எண்ணிக்கொண்டார். அவர் முகம் பார்க்கும் லட்சணம் அப்படி இருந்தது.

"பின்னாடி பட்டறையைப் பாக்கலாமா?"

"பாருங்க," என்றாள். அதையும் கொஞ்சம் தாமதித்துச் சொன்னாள்.

*

பட்டறை கூடத்துக்குப் பின்னால், ஒரு நடை தாண்டி. நடையின் மறுகோடியில் பின்வாசல். பாலிஷ்காரர் எண்ணெய்த் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு மேசைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்ததென்று சனிக்கிழமை ஊருக்குப் போனவர். இன்று காலைதான் வந்திருக்கிறார்.

"வந்ததும் வராததுமா இந்தச் சேதி," என்றார். "அந்த வாட்ச்மேனா எடுத்தான்? நம்பவே முடியல. கீழ ஒரு ஸ்க்ரூ கெடந்தாக்கூடக் கொண்டுவந்து என்கிட்ட குடுத்துட்டுப் போற ஆளுங்க."

"கம்பளியை மட்டும் குடுக்கல," என்றார் செக்கர், தன் நேற்றைய தீர்ப்புக்கு ஒரு பிடிமானமாவது மிஞ்சட்டும் என்பதுபோல.

"குடுக்கலாம்னு வந்தா நான்தான் ஊர்லயே இல்லையே."

அந்தப் பிடிமானமும் போய்விட்டது.

வித்தவுட் அங்கே கிடந்த ஸ்டூல் ஒன்றை இழுத்துப்போட்டு, "இதுலயாவது உக்காரலாமா, இல்ல இதுவும் பிரான்ஸா?" என்று கேட்டுக்கொண்டே உட்காரப் போனான். ஸ்டூல் சர்ரென்று பின்னால் ஓடியது. அவன் உட்கார வேண்டிய இடத்தில் ஸ்டூல் இல்லை, தரை இருந்தது.

"அண்ணே! இந்த ஸ்டூல் என்னைத் தள்ளி விட்டுடுச்சு! நீங்கதான் சாட்சி!"

பாலிஷ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவனைத் தூக்கிவிட்டார். "கம்பளி ஒட்டியிருக்கு தம்பி. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகந்து நகந்து வேலை பாக்கறதுக்காக ஒட்டினது. மெழுகுத் தரையில வழுக்கிட்டுதான் ஓடும்."

செக்கர் ஸ்டூலைக் குப்புறக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். விரலால் கம்பளியைத் தடவினார். பின்பு மெதுவாகச் சொன்னார்:

"விக்கிறதுக்காக நாற்காலி எடுத்தவன் இதைப் பிரிக்க மாட்டான்டா. விலைப் பொருள்ல எதுக்குக் கை வைக்கணும்? யாரையோ உக்கார வைக்க எடுத்தவங்கதான் பிரிப்பாங்க. உக்காரும்போது நாற்காலி ஓடிடக் கூடாதுன்னு. அதுவும் உக்காந்து எந்திரிக்கவே கஷ்டப்படற ஒருத்தருக்காக."

"அப்ப இது திருட்டு இல்லண்ணே. இரவல்."

"இரவல் வாங்கினவங்க வாயைத் திறக்காததால ஒருத்தன் லாக்கப்புல இருக்கான். அதுக்கு என்ன பேரு வச்சுக்கலாம், நீயே சொல்லு."

வித்தவுட் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தான்.

"மாமா, இது என்ன, ஜன்னலுக்குப் பொட்டு வச்சிருக்கீங்க?"

பாலிஷ்காரர் திரும்பினார். கண்ணாடியில் மூன்று கம்பளி வட்டங்கள் ஒரே வரிசையில் ஒட்டியிருந்தன.

"பிரிச்ச கம்பளியை நாங்க தூக்கிப் போடறதில்ல. பசை காயாம இருக்கக் கண்ணாடியில ஒட்டி வப்போம். மறுபடி ஆகும்." சொல்லிக்கொண்டே கிட்டப் போனவர் நின்றுவிட்டார். "ஆனா ஊருக்குப் போகும்போது நான் கண்ணாடியைத் துடைச்சு வச்சுட்டுல்ல போனேன்."

செக்கர் ஒன்றை உரித்தார். ஓரத்தில் பச்சை பெயின்ட் மாவாக ஒட்டியிருந்தது. நேற்று ஷூவில் கண்ட அதே பச்சை.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு திருடனைப் பாத்ததில்ல," என்றான் வித்தவுட். "நாற்காலியைக் கெளப்பற அவசரத்துலயும் மிச்சத்தை ஒழுங்கா அடுக்கி வச்சுட்டுப் போயிருக்கான். போகும்போது லைட்டையும் அணைச்சிருப்பான்."

"கைப்பழக்கம்," என்றார் செக்கர். "மனசு திருடப் போச்சு. கை வேலைக்குப் போச்சு. அது பாட்டுக்கு ஒட்டி வச்சிடுச்சு. மூணை ஒட்டிச்சு, நாலாவது தெரியாம நடையில விழுந்துச்சு. ரோந்து வந்த வாட்ச்மேன் அதை எடுத்து வலிக்கிற இடத்துல வச்சுக்கிட்டான்." பாலிஷ்காரரிடம் திரும்பினார். "இந்தக் கைப்பழக்கம் யார் யாருக்கு உண்டு?"

"எனக்கு."

"நீங்க ஊர்ல இல்ல."

பாலிஷ்காரர் எண்ணெய்த் துணியைக் கையிலிருந்து பிரித்தார். மறுபடி சுற்றினார். "இந்தப் பட்டறைக்கு ரெண்டே சாவி. இந்த வேலையைப் பழகினதும் ரெண்டே பேருதான். என் வாயால சொல்ல வைக்காதீங்க சார். என்னை இங்க வேலைக்கு வச்சதே அவங்கதான். எனக்குக் கண்ணு மங்கினப்போகூட அனுப்பல."

நடையின் அந்தக் கோடியில், கூடத்துக்குள், மேனேஜரின் செருப்புச் சத்தம் வந்து நின்றது. வந்த வழியே திரும்பிப் போனது.

*

மேனேஜரின் வீட்டு முகவரி நேற்று எழுதிய வாக்குமூலத்திலேயே இருந்தது. கீழ்த்தளம். வாசலில் கோலிக்குண்டு போல வழவழவென்ற தரை ஓடு. வித்தவுட் கதவைத் தட்டினான்.

"யாரு?" உள்ளேயிருந்து ஒரு வயதான குரல். "தள்ளுங்க, தாப்பா போடல. என்னால எந்திரிச்சு... இல்ல, இருங்க, இருங்க. இப்ப முடியும். நானே வரேன்."

உள்ளே ஒரு முனகல். பிறகு காலடிகள், ஒவ்வொன்றாக. கதவு திறந்தது. தடித்த, வீங்கிய முழங்கால்களோடு ஒரு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாடிப்படி ஏறி வந்தவளுக்கு இருக்கும் மூச்சிரைப்பு. முகத்தில் மட்டும் பரிசு வாங்கியவளின் களை.

"பாத்தீங்களா? நானே வந்து தொறந்தேன். நாலு நாளைக்கு முன்னாடி வந்திருந்தா வாசல்லயே நிக்க வேண்டியதுதான். உள்ள வாங்க. எம்பொண்ணு ஆபீஸ்தானே நீங்க?"

"அப்படித்தாம்மா," என்றார் செக்கர்.

முன்னறையில் தாழ்வான, அகலமான சோபா ஒன்று இருந்தது. அந்த அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சமையலறைக்கு நடந்தாள். அங்கே ஜன்னலோரம், காய் நறுக்கும் மேசைக்கு முன்னால், பச்சை நாற்காலி.

மேலே ஒரு மடித்த துண்டு. முன்கால்கள் மெலிந்த குழாய். பின்கால்கள் தகடு மடித்து, தொடைபோல் பருத்தவை. உட்கார்ந்து சாய்கிறவனின் பாரம் பின்னால்தான் விழும் என்று செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஓட்டுத்தரையில் வெறும் இரும்பு ஊன்றி நின்றது, கம்பளி இல்லாமல்.

"அந்த சோபாவுல உக்காந்தா கெணத்துல விழுந்த மாதிரி தம்பி. ரெண்டு பேரு வந்து தூக்கணும். அவ வேலைக்குப் போயிட்டா அவ வர்ற வரைக்கும் அதுலயே கெடப்பேன். தண்ணி குடிக்க மாட்டேன். குடிச்சா போகணுமே." அவள் சிரித்தாள். "கட்டடத்துல கல்லு சொமந்த முழங்காலு. ஜல்லிக்கல்லு எல்லாம் இப்ப உள்ளயே கெடக்கற மாதிரி இருக்கு. இதுல பாருங்க, பின்னாடி அழுத்தி ஒரு உந்து உந்தினா நானே எந்திரிச்சிடறேன். இதைச் செஞ்சவன் கால்வலிக்காரனாத்தான் இருக்கணும். எம்பொண்ணு வாங்கிக் குடுத்தா."

வித்தவுட் ஏதோ சொல்ல வாய் எடுத்தான். செக்கர் அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

வாசலில் ஆட்டோ நின்ற சத்தம். மேனேஜர் ஓடிவந்தாள். சமையலறை வாசலில் அவர்களைப் பார்த்ததும் நின்றாள். பின்பு மிகவும் சாதாரணமான குரலில், "அம்மா, நீ கொஞ்சம் உள்ள போய்ப் படு," என்றாள்.

"இப்பதானே எந்திரிச்சேன்."

"போம்மா."

அந்த அம்மா போனாள். மேனேஜர் கதவைச் சாத்தினாள்.

"ஒரு நாளைக்குத்தான் கொண்டுவந்தேன்," என்றாள். "ஞாயித்துக்கிழமை. உக்காந்து எந்திரிக்க முடியுதான்னு பாத்துட்டு, அதே அளவுல ஒண்ணு செய்யச் சொல்லலாம்னு. திங்கட்கிழமை சீக்கிரமே கொண்டுபோய் வச்சிடணும்னு இருந்தேன். வாங்கறவங்க எனக்கு முன்னாடியே வந்து வாசல்ல நிக்கிறாங்க. எல்லாருக்கும் முன்னால என்னன்னு சொல்வேன்? உக்காரக் கூடாதுன்னு அட்டை எழுதி வச்சவளே நான்தான்."

"சொல்லியிருந்தா வேலை போயிருக்கும்."

"போயிருக்கும். இந்த வீடு, அம்மாவோட மருந்து, எல்லாம் அதுலதான். சாயந்தரம் எப்படியாவது சொல்லிடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க வந்தீங்க." அவள் செக்கரை நேராகப் பார்த்தாள். "மதியத்துக்குள்ள முடிச்சிட்டீங்க. அவரு ஷூவை நீங்க கழட்டச் சொன்னப்போ, அதுக்குள்ள அந்தக் கம்பளி இருந்தப்போ, நீங்க அவ்வளவு உறுதியாப் பேசினப்போ, ஒரு நிமிஷம் எனக்கே அவருதான் எடுத்திருப்பாருன்னு தோணுச்சு சார். நாற்காலி என் வீட்டு அடுப்படியில இருக்கும்போது."

செக்கர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நாற்காலியை எடுத்தீங்க. அவரை உள்ள வச்சது நான்."

"நான் வாயைத் திறக்கலையே."

"ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டு இருந்தா சாயந்தரம் ஆயிடும்," என்றான் வித்தவுட். அவன் குரலில் கிண்டல் இல்லை. "அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறதுக்குள்ள ஸ்டேஷனுக்குப் போகணும்."

"இந்த நாற்காலியை நீங்களே எங்கயோ கண்டுபிடிச்ச மாதிரி..." என்று ஆரம்பித்தாள் மேனேஜர். குரல் மிகவும் தாழ்ந்தது. "ஒரு ரோட்டோரத்துல கெடந்ததுன்னு சொன்னா, அவரும் வெளிய வந்துடுவாரு, எனக்கும்..."

செக்கர் உடனே முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் உண்மை. ரோட்டோரம் என்று சொல்லியிருக்கலாம், அவருக்கும் அது வசதிதான். அவர் சுட்டிக்காட்டிய ஆள் தவறு என்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். அந்தச் சில நொடிகள் அவர் அதை எடைபோட்டார்.

கதவு திறந்தது. அந்த அம்மா நின்றாள். படுக்கப் போகவே இல்லை.

"யாரு உள்ள இருக்கா?"

"அம்மா, அது ஒண்ணும்..."

"எவனோ ஒருத்தனை உள்ள போட்டுட்டு என்னை இதுல உக்கார வச்சியா?" கத்தவில்லை. கத்தியிருந்தால் மகளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நானும் உக்காந்துக்கிட்டு, ஜன்னல் வழியா போறவ வர்றவகிட்ட எல்லாம் பெருமை பேசினேனே. எம்பொண்ணு வாங்கிக் குடுத்தான்னு."

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அம்மா நாற்காலி மேலிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டாள்.

"தூக்குங்க இதை. நானும் வரேன்."

"உங்களால நிக்க முடியாதும்மா," என்றான் வித்தவுட்.

"அவனை நிக்க வச்சது யாரு தம்பி? நாமதானே?"

*

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தார். "இதுக்கா இவ்வளவு ரகளை?" என்றார். மேனேஜர் சொன்னதை முழுக்கக் கேட்டார். ரோட்டோரம் என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. தாய் பக்கத்தில் சுவரைப் பிடித்து நின்றிருந்தாள். வெளிநாட்டு முதலாளிக்குப் போன் போட்டார்கள். மேனேஜரே பேசினாள். எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அவள் சட்டைப்பையிலிருந்து கூடத்துச் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"நாற்காலியும் வந்துடுச்சு, எடுத்தவங்களும் வந்துட்டாங்க. அந்தாளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" என்றார் இன்ஸ்பெக்டர். "விடுங்கய்யா அவரை."

வாட்ச்மேன் வெறுங்காலோடு வெளியே வந்தான். நேற்றைய சீருடை. முன்பே வந்து காத்திருந்த மனைவி அவன் கையைப் பிடித்தாள். கான்ஸ்டபிள் அவன் ஷூக்களைக் கொடுத்தார். தனியாக ஒரு கவரில் வைத்திருந்த கம்பளி வட்டத்தையும் மேசைமேல் போட்டார்.

வாட்ச்மேன் நின்றபடியே, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி ஷூ போட ஆரம்பித்தான். உட்காரச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. செக்கருக்குத் தோன்றியது, தாமதமாக.

"உக்காந்து போடுங்க," என்றார், பச்சை நாற்காலியை முன்னால் நகர்த்தி. "நான் தப்புப் பண்ணிட்டேன். உங்க கம்பெனிக்கு நானே வந்து சொல்றேன். எங்க வேணா வந்து சொல்றேன்."

வாட்ச்மேன் லேஸை முடிந்தான். அவசரப்படவில்லை. "சொல்லுங்க சார். நல்லதுதான்." பிறகு நிமிர்ந்தான். "ஷூவுக்குள்ள இது எப்படி வந்துச்சுன்னு மாத்தி மாத்திக் கேட்டீங்க. எதுக்கு வச்சேன்னு ஒருதரம்கூடக் கேக்கவே இல்லையே சார்."



வாட்ச்மேனின் பார்வை அவரைத் தாண்டிப் போனது. சுவரோரம் அந்த அம்மாவின் முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. புடவை மடிப்பே ஆடியது. அவள் யார், எதற்கு வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் நடுங்கும் காலை அவனுக்குத் தெரியும். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முதுகு சுவரில் படும்படி போட்டு, ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

"உக்காருங்கம்மா. ரொம்ப நேரமா நிக்கிறீங்க."

அந்த அம்மா அவனையே பார்த்தாள். உட்காரவில்லை. அவன் விடவில்லை. கடைசியில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள்.

வாட்ச்மேன் மனைவியோடு படியிறங்கிப் போனான். ஒரு காலை மட்டும் குதி படாமல் வைத்து நடந்தான். மேசைமேல் கிடந்த கம்பளி வட்டத்தை அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

செக்கர் அதை எடுத்தார். கூப்பிட்டுக் கொடுக்கலாமா என்று வாசல்வரை போனார். கூப்பிடவில்லை.

"என்னடா, ஒண்ணும் சொல்லலையா?" என்றார்.

வித்தவுட் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். "வண்டியை எடுக்கறேன் அண்ணே," என்று போனான்.

செக்கர் கையிலிருந்ததைக் குப்பைக்கூடையில் போடக் கையை உதறினார். அது விழவில்லை. மறுபடி உதறினார். இரண்டு நாள் ஒரு மனிதனின் காலடியிலும் ஒரு கவருக்குள்ளும் கிடந்தும் அந்தப் பசை காயாமல் அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.